அடுத்தவர் எழுதிய நிரல்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரிகிற சாலை ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த பாடலாத்ரி நரசிம்மர், பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து எழுப்பிய கோயிலில் நெற்றிக்கண்ணோடு வீற்றிருக்கிறார். அவரைச் சுற்றி முப்பது ஆண்டுகளுக்குள் வேறொரு உலகம் வந்து சேர்ந்துவிட்டது. வடக்கே மறைமலை நகருக்கு 1990-களின் கடைசியில் ஃபோர்டு வந்தது. தெற்கே 2002-ல் மகிந்திரா வேர்ல்டு சிட்டி எழுந்தது. அங்கே இன்ஃபோசிஸ் வளாகமும், 2007-ல் உற்பத்தி தொடங்கிய பி.எம்.டபிள்யூ ஆலையும் இருக்கின்றன. மேற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. டைம்லர் லாரியும் ராயல் என்ஃபீல்டும் பின்னாலேயே வந்தன.

காலையில் இந்தச் சந்திப்பில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் சிலர் தோளில் லேப்டாப் பை இருக்கும். சிலர் காலில் சேஃப்டி ஷூ இருக்கும். ஒருவர் இன்ஜினியரிங் முடித்து ஏதோ ஒரு வெளிநாட்டு வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கிறவர். இன்னொருவர் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து, கார் பாகம் செய்யும் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவர். சம்பளமும் வேறு, சாப்பாட்டு நேரமும் வேறு. ஆனால், இருவருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: எப்போதோ யாரோ எழுதிவிட்டுப் போன நிரலைப் படித்து, அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கண்டுபிடிப்பது.

நிரல் எழுதுவதுதான் மென்பொருள் தொழில் என்று ஊரே நினைக்கிறது. கல்லூரியில் ‘கோடிங்’ என்று சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, வேலை செய்யும் புரோகிராமர்களின் கணினியில் பதிவான செயல்களைக் கணக்கிட்டு, அவர்களுடைய நேரத்தில் சுமார் 58 சதவீதம் இருக்கிற நிரலைப் புரிந்துகொள்வதிலேயே போகிறது என்றது. பாதிக்கு மேல் நேரம் பிடிக்கும் ஒரு வேலைக்குப் பாடத்திட்டத்தில் இடம் இல்லை. தமிழ்நாட்டின் மென்பொருள் தொழிலோ அந்த வேலையால்தான் வளர்ந்தது. அந்த வரலாற்றைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370/155 கணினி வந்தது. அந்தக் காலத்தில் நிரல் என்றால் துளையிட்ட அட்டைக் கட்டு. ஒரு அட்டைக்கு ஒரு வரி, 80 எழுத்து. கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, முடிவு அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முற்றுப்புள்ளி தவறினாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே, அட்டையைக் கொடுப்பதற்கு முன்பே தாளில் எழுதியதைக் கணினியாகத் தன்னைப் பாவித்து வரி வரியாகப் படித்துப் பார்ப்பார்கள். மாறிகளின் மதிப்பை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போவார்கள். ‘டெஸ்க் செக்’ என்று அதற்குப் பெயர். கணினி நேரம் அரிதாக இருந்ததால் கண்ணும் மூளையும் கூர்மையாக இருந்தன. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் நிரல் ஓடிவிடுகிறது. அந்தப் பழக்கமும் கூடவே ஓடிவிட்டது.

இந்தியாவின் தொடக்ககால மென்பொருள் ஏற்றுமதிகளில் ஒன்றும் படிக்கும் வேலைதான். 1974-ல் டி.சி.எஸ். நிறுவனம் பர்ரோஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்துக்காக, மருத்துவமனைக் கணக்குகளைப் பார்க்கும், கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களை ஒருவகைக் கணினியிலிருந்து இன்னொரு வகைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தது. இரண்டும் கோபால்தான் என்றாலும் இரண்டின் வழக்கும் வேறு. யாரோ எழுதிய நிரலை, பார்த்தே இராத மருத்துவமனையின் நடைமுறையை, தாளை வைத்துக்கொண்டு புரிந்துகொண்டார்கள். 1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.க்கு வந்தது. எழுதியவர் ஊரைவிட்டுப் போய்விட்டார், எழுதியது மட்டும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று ஐ.டி. அலுவலகங்களில் ‘லெகசி’ என்று பெருமூச்சோடு சொல்வது இந்த நிலையைத்தான்.

பிறகு வந்தது ஒய்2கே.

அந்தக் கதையைப் பலர் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்தார்கள், 2000 வந்தால் குழம்பும், இந்தியர்கள் திருத்திக் கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால்தான் அது எப்பேர்ப்பட்ட படிப்பு என்று தெரியும். ஒருவர் பிறந்த ஆண்டு 65 என்று பதிவாகியிருக்கிறது. நடப்பு ஆண்டு 00. வயதைக் கணக்கிட 00-லிருந்து 65-ஐக் கழித்தால் விடை மைனஸ் 65. ஆனால், கோபாலில் கழித்தல் குறியை வைத்துக்கொள்ள இடம் ஒதுக்காத மாறியில் அந்த விடையைப் போட்டால் குறி உதிர்ந்துவிடும். 65 மட்டும் நிற்கும். முப்பத்தைந்து வயதுக்காரர் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற்றுவிடுவார். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் வராது. ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். படித்தவருக்குத்தான் பிடிபடும்.

எங்கே படிப்பது என்பது அடுத்த சிக்கல். தேதி வைத்திருக்கும் மாறிக்கு எழுதியவர் DT என்றோ YY என்றோ பெயர் வைத்திருந்தால் தேடிவிடலாம். அதையே இன்னொரு வரியில் TEMP என்ற மாறிக்கு நகர்த்தி, அங்கிருந்து WORK-2-க்கு நகர்த்தியிருந்தால்? ஒரே நினைவக இடத்துக்கு இரண்டு பெயர் கொடுக்கவும் கோபாலில் வழி உண்டு. ஒரு பெயரில் தேதியாக இருப்பது இன்னொரு பெயரில் வெறும் எண்ணாகத் தெரியும். ஆகவே, பெயரைத் தேடாமல் மதிப்பு ஓடும் பாதையைத் துரத்த வேண்டியிருந்தது. இது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, வழியில் யார் தொட்டார்கள் என்று. இன்னொன்றும் இருந்தது. சில இடங்களில் 99 என்பது 1999-ஐக் குறிக்கவே இல்லை. ‘காலாவதி கிடையாது’ என்பதற்கும் ‘கோப்பு முடிந்தது’ என்பதற்கும் அடையாளமாக அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். எந்த 99 ஆண்டு, எந்த 99 அடையாளம் என்பதை நிரலின் நோக்கம் தெரிந்தவர்தான் பிரிக்க முடியும்.

இதில் ஒரு நுட்பமான சங்கதி லீப் ஆண்டு. நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் எழுதியிருந்த நிரல் 2000-ல் சரியாகவே நடந்தது. நூறால் வகுபட்டால் லீப் ஆண்டு கிடையாது என்ற அடுத்த விதியையும் சேர்த்து, நானூறால் வகுபட்டால் உண்டு என்ற மூன்றாவது விதியை விட்டவரின் நிரல்தான் தவறியது. படிக்கிறவர் விதியை முழுதாக அறிந்திருக்க வேண்டும். அரைகுறையாக அறிந்தவர் எழுதியதைக் கண்டுபிடிக்கவும் அந்த முழு அறிவு தேவை.

டி.சி.எஸ். இந்த வேலைக்காகச் சென்னையில் ஒரு தொழிற்சாலை முறையையே அமைத்தது. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிகல் படித்த இளைஞர்கள் சில மாதப் பயிற்சியில் கோபால் கற்றுக்கொண்டு மெயின்ஃப்ரேம் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு வரி புதிதாக எழுதும் முன் ஆயிரம் வரி படித்தது அந்தத் தலைமுறை. வங்கிக் கணக்கு எப்படி முடிகிறது, காப்பீட்டில் பிரீமியம் எப்படிக் கணக்காகிறது, விமான டிக்கெட் எப்படி விலையாகிறது என்பதையெல்லாம் அவர்கள் நிரலைப் படித்தே கற்றார்கள். 2000 பிறந்து ஆபத்து நீங்கிய பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பெரிய வேலைகளையும் நம்பித் தந்தார்கள் என்றால், இந்த அறிவு அதற்கு முக்கியக் காரணம். ஒய்2கே-யைக் ‘கூலி வேலை’ என்று இழித்துச் சொல்வோர் உண்டு. பழைய, ஆவணமில்லாத, பல கை பட்ட நிரலைப் படித்துப் பிழை நீக்கியவர்களை அப்படிச் சொல்வது நியாயமே இல்லை.

பிறர் எழுதியதைப் படித்து விளக்குவது தமிழுக்குப் புதிதும் அன்று. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டியதன் பேரில் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது, அவருக்கு முன்னால் இருந்தது இதே சிக்கல்தான். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆனால், அந்த உரையாசிரியர் எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் காண்பவர். அதைவிடப் பெரிய தடை, நூலில் வந்த சமணச் செய்திகள். ஐயர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய் அவர்களுடைய வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பல இடங்கள் துலங்கின. பிரதிகளை ஒப்பிட்டு, வழக்கம் அறிந்தவரைக் கேட்டு, 1887-ல் பதிப்பைக் கொண்டுவந்தார். காப்பீட்டு நிரலைப் படிக்கத் திணறும் ஓர் இளைஞருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. மொழி தெரிந்தால் போதாது. அந்தத் துறையின் ஆளைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

மேல்நாட்டிலும் நிரல் வாசிப்புக்கு ஒரு மரபு இருந்தது. ஜெரால்டு வைன்பெர்க் 1971-ல் வெளியிட்ட ‘தி சைக்காலஜி ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ என்ற நூல் நிரல் வாசிப்பைப் பற்றித்தான் தொடங்குகிறது. புரோகிராமர்கள் நிரலைப் படிப்பதை விட்டுவிட்டார்களே என்ற கவலை அப்போதே அவருக்கு இருந்தது. அவர் கொடுத்த ஒரு கருவி இன்றும் பயன்படும். ஒரு வரி அங்கே ஏன் இருக்கிறது என்று கேள். அந்தக் கணினியின் குறையால் வந்ததா, மொழியின் குறையால் வந்ததா, எழுதியவருக்கு வேறு வழி தெரியாததால் வந்ததா, அல்லது பழைய காலத்து மிச்சமா என்று பிரித்துப் பார் என்பார். விசித்திரமான நிரலைக் கண்டால் எழுதியவரைத் திட்டத் தோன்றுவது இயல்பு. இந்தக் கேள்வி அந்தக் கோபத்தை ஆராய்ச்சியாக மாற்றிவிடும்.

ஐந்தாண்டு கழித்து, ஐ.பி.எம்.மில் மைக்கேல் ஃபேகன் வாசிப்பை ஒரு கூட்டு ஒழுங்காக ஆக்கினார். நான்கைந்து பேர் ஒரு அறையில் உட்கார வேண்டும். ஒருவர் நிரலைத் தன் சொந்தச் சொற்களில் விளக்கிக்கொண்டே போக, மற்றவர்கள் பிழையைத் தேட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. அதற்குப் பின் கண் பார்க்கும், மனம் பார்க்காது. 1990-களில் தரச் சான்றுக்காக இந்திய நிறுவனங்கள் சி.எம்.எம். நெறிமுறையைப் பின்பற்றியபோது இந்த வழக்கம் ‘பியர் ரிவ்யூ’ என்ற பெயரில் இங்கேயும் வந்தது. விக்டர் பேசிலியும் ரிச்சர்டு செல்பியும் 1987-ல் வெளியிட்ட சோதனையில், அனுபவமுள்ள புரோகிராமர்கள் நிரலை ஓட்டிச் சோதித்ததைவிடப் படித்துப் பார்த்ததில் அதிகப் பிழைகளைப் பிடித்தார்கள்.

எல்லாவற்றிலும் சுவையான கதை ஜான் லயன்ஸுடையது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் அவர். 1976-ல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப் பகுதியை, பத்தாயிரம் வரிக்கும் குறைவானதை, எண்ணிட்டு ஒரு புத்தகமாக அச்சிட்டார். இன்னொரு புத்தகத்தில் அதற்கு விளக்கம் எழுதினார். மூலத்தையும் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து மாணவர்கள் படித்தார்கள். ஓர் இயங்குதளத்தை, வகுப்பில் எழுதிப் பழகும் விளையாட்டு நிரலை விட்டுவிட்டு, உலகில் உண்மையாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, ஒரு மாணவர் முழுதாகப் படித்து முடிக்க முடியும் என்று அவர் காட்டினார். 1979-ல் ஏழாம் பதிப்பு வந்தபோது உரிமையாளரான ஏ.டி. அண்டு டி., மூல நிரலை வகுப்பறையில் பாடமாக வைக்கத் தடை போட்டது. பிறகு பதினேழு ஆண்டு காலம் லயன்ஸ் உரை ஜெராக்ஸ் பிரதியாகவே உலகைச் சுற்றியது. பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று எழுத்து மங்கிப்போன தாள்களை வைத்து ஒரு தலைமுறை படித்தது. சட்டப்படி அது நூலாக வெளியானது 1996-ல். லயன்ஸ் மறைந்தது 1998-ல். அந்தத் தடையைச் சகிக்காத ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர் படிப்பதற்கென்றே மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதி 1987-ல் நிரலைப் புத்தகத்திலேயே அச்சிட்டார். அதைப் படித்தவர்களில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸும் ஒருவர். லினக்ஸ் 1991-ல் பிறந்தது. பெரிய எழுத்து ஒன்று பெரிய வாசிப்பிலிருந்து வந்தது என்பதற்கு மென்பொருள் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

இதெல்லாம் கணினி அறைக் கதை. ஒரகடம் சாலையில் இன்னொரு வாசிப்பு மரபு வாழ்கிறது. அதை யாரும் ‘கோடிங்’ கணக்கில் சேர்ப்பதில்லை.

1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவுக்கு ஒரு தலைவலி இருந்தது. கார் மாடல் மாறும்போதெல்லாம் ஆலையின் கட்டுப்பாட்டுப் பலகைகளில் உள்ள ரிலேக்களின் ஒயரிங்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாகக் கணினி போன்ற ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். டிக் மோர்லியும் அவருடைய சகாக்களும் செய்துகொடுத்த கருவி மோடிகான் 084. இன்று உலகெங்கும் ஆலைகளை ஓட்டும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினிகளின் முன்னோடி அது. அதற்கு நிரல் எழுதப் புது மொழி தேவைப்பட்டபோது, ஆலை எலக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே படித்துப் பழகிய ரிலே வரைபடத்தின் வடிவத்தையே மொழியாக எடுத்துக்கொண்டார்கள். இடப்பக்கம் ஒரு கம்பம், வலப்பக்கம் ஒரு கம்பம், நடுவில் ஏணிப்படி போலக் கோடுகள். லேடர் லாஜிக் என்ற பெயர் அதனால் வந்தது. நள்ளிரவில் லைன் நின்றால் படித்துப் பார்க்கப்போகிறவர் யார் என்பதை முதலில் யோசித்து, அவருக்கு ஏற்ப உருவாக்கிய மொழி இது. கணினி மொழிகளின் வரலாற்றில் இப்படிப்பட்ட மரியாதை வாசகருக்குக் கிடைத்தது அபூர்வம்.

அந்த மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் படிக்கிற முறையைப் பாருங்கள். லைன் நின்றுவிட்டது, ஒரு சிலிண்டர் முன்னால் வரவில்லை. அவர் நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பதில்லை. வராத அந்த சிலிண்டரின் அவுட்புட் எந்தப் படியில் இருக்கிறது என்று முதலில் தேடுகிறார். அந்தப் படியில் உள்ள நிபந்தனைகளில் எது பொய்யாக நிற்கிறது என்று திரையில் பார்க்கிறார். ஒரு நிபந்தனை மட்டும் நிறைவேறவில்லை. அது எந்தப் படியின் விடை? அங்கே தாவுகிறார். அங்கே ஒரு இன்டர்லாக். அது இன்னொரு படியைக் காட்டுகிறது. நான்கு தாவலில் ஏதோ ஒரு சேஃப்டி கதவின் சென்சாரில் போய் நிற்கிறார். போய்த் துடைத்தால் லைன் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான படிகள் உள்ள நிரலில் அவர் படித்தது ஐந்து. விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி நடப்பது. கேள்விக்குத் தேவையானதை மட்டும் படிப்பது. கருத்துக்குறிப்பு என்ன சொன்னாலும் ஓடும் மதிப்பைப் பார்த்தே முடிவுக்கு வருவது. ஒரே அவுட்புட்டை இரண்டு படிகளில் எழுதிவைத்திருந்தால் கீழே உள்ளதே வெல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். எத்தனையோ மர்மப் பழுதுகளுக்குக் காரணம் அதுதான். ஏ.சி. அறையில் உட்கார்ந்து ‘இந்த கோட் எனக்குப் புரியவில்லை’ என்று முதல் கோப்பின் முதல் வரியிலேயே தேங்கி நிற்கும் புதியவர், இந்த ஆலைத் தொழிலாளியிடம் ஒரு வாரம் பாடம் கேட்கலாம்.

கேள்வியோடு படிப்பதுதான் தேர்ந்தவர்களின் வழக்கம் என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. 2015-ல் வெளியான ஒரு கண்ணசைவு ஆய்வு, நிரல் படிக்கும்போது கண் கதை படிப்பதுபோல மேலிருந்து கீழே போவதில்லை என்றும், அனுபவசாலிகளின் கண் புதியவர்களின் கண்ணைவிடவும் அதிகமாகத் தாவுகிறது என்றும் கண்டது. நிரல் ஓடும் வழியில் கண்ணும் ஓடுகிறது.

ஒரகடம் பகுதியில் செய்கிற கார்களுக்கு உள்ளேயும் நிரல்தான் ஓடுகிறது. அதை யாராவது படித்தார்களா என்பது உயிர்ப் பிரச்சினையும் ஆகும். அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமாகவே வேகம் பிடித்ததாக வழக்குகள் குவிந்தபோது, நாசா பொறியாளர்கள் ஆராய்ந்து 2011-ல் மின்னணுக் காரணம் எதுவும் அகப்படவில்லை என்றார்கள். பின்னர், மைக்கேல் பார் என்ற வல்லுநரும் அவருடைய குழுவும் வழக்குக்காக அந்த த்ராட்டில் நிரலைப் படித்தார்கள். காவல் போட்ட அறை. இணையம் கிடையாது, தாளை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் படித்தார்கள். பத்தாயிரத்துக்கும் அதிகமான பொது மாறிகள் இருந்தன. நிரலின் எந்த மூலையும் அவற்றை மாற்றலாம். ஒரு ஃபங்ஷனின் கிளைகள் மனிதர் சோதித்து முடிக்க முடியாத அளவுக்குப் பின்னிக் கிடந்தன. நினைவகத்தில் ஒரு பிட் புரண்டாலே முக்கியமான பணி ஒன்று செத்துப்போக வழி உண்டு என்று பார் 2013-ல் ஓக்லஹோமா நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். டொயோட்டா இதை ஏற்கவில்லை. ஜூரி 30 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

வோக்ஸ்வேகன் கதை வேறு மாதிரி. புகைச் சோதனையின்போது மட்டும் காரை யோக்கியமாக நடந்துகொள்ள வைத்த மென்பொருள் 2015-ல் அம்பலமானது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மானியர், இன்ஜின் கட்டுப்பாட்டுக் கருவியின் நிரலைத் தோண்டிப் படித்து அது எப்படி நடந்தது என்று ஹாம்பர்கில் மேடையில் விளக்கினார். சோதனை நடக்கிறதா என்று கண்டுபிடித்த அந்தப் பகுதிக்கு நிரலில் இருந்த பெயர், இன்ஜின் ஒலி சம்பந்தப்பட்டது. பெயரை நம்பிப் படித்தவர் அதைத் தாண்டிப் போயிருப்பார். TEMP என்ற மாறிக்குள் தேதியைக் கண்டுபிடித்த ஒய்2கே தலைமுறைக்கு இது அதிர்ச்சி தந்திருக்காது.

இன்றைய ஐ.டி. அலுவலகத்தில் வாசிப்புக்கு மிச்சமிருக்கும் சடங்கு ‘கே.டி.’ எனப்படும் அறிவுக் கையளிப்பு. புராஜெக்டை விட்டுப் போகிறவர் வருகிறவருக்குச் சில நாள்கள் திரையைக் காட்டிப் பேசுவார், பதிவும் செய்துகொள்வார்கள். பெரும்பாலும் போகிறவர் பேச, வருகிறவர் தலையாட்டுகிறார். ஃபேகன் செய்ததுபோல இதைத் திருப்பிப் போட வேண்டும். வருகிறவர் நிரலைப் படித்து, தன் சொற்களில் விளக்கட்டும். போகிறவர் கேட்டுத் திருத்தட்டும். அப்போதுதான் எது புரிந்தது, எது புரிந்ததுபோல இருந்தது என்று தெரியும். ஒய்2கே தலைமுறைக்கு இல்லாத வசதி இவர்களுக்கு உண்டு. 2005-ல் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் என்ற கருவி, ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதைச் சேமித்துவைக்கிறது. வைன்பெர்க் கேட்ட ‘இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது’ என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் அங்கேயே கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் வரியை அழித்துவிட்டு, மறுநாள் புகார் டிக்கெட் வந்த பிறகு திகைப்பவர்கள்தான் அதிகம்.

செயற்கை நுண்ணறிவு சில நொடியில் நூறு வரி எழுதித் தருகிற காலம் வந்துவிட்டது. எழுதும் உழைப்பு குறைகிறது. அந்த நூறு வரியும் சரியா என்று சொல்லும் பொறுப்பு மட்டும் மனிதரிடமே இருக்கிறது. எழுதிய ‘ஆளை’க் கேட்டாலும் முழு நம்பிக்கையான விடை கிடைக்காது. அதாவது, ஒய்2கே இளைஞர்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில் இன்றைய புதியவர் உட்காரப்போகிறார்.

பொத்தேரி தொடங்கிச் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் இன்ஜினியரிங் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. ஆய்வகத் தேர்வில் எல்லா மாணவரும் எழுதத்தான் எழுதுகிறார்கள். ஒரு பருவத்துக்கு ஒரு தாளையாவது வாசிப்புக்கு ஒதுக்குங்கள். யாரோ எழுதிய சில ஆயிரம் வரிகளைக் கொடுத்து, இது என்ன செய்கிறது, எங்கே தவறும், இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பக்கத்து ஆலையின் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, லேடரைப் பின்னோக்கிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாடநூலுக்கும் பஞ்சம் இல்லை. லயன்ஸ் பாடமாக்கிய அதே ஆறாம் பதிப்பை அடியொற்றி எம்.ஐ.டி. 2006-ல் எக்ஸ்.வி.6 என்ற சிறிய இயங்குதளத்தை எழுதியது. நிரலும் அதற்கான உரையும் இணையத்தில் இலவசம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோ என்.பி.டெல். வழியே நடத்திய இயங்குதளப் பாடமும் எக்ஸ்.வி.6-ஐ வைத்துத்தான் நடந்தது. அதைப் பார்க்கவும் கட்டணம் கிடையாது.